மேப் கைவிட்டாலும் கல் காட்டிக்கொடுக்கும்! ரோட்டோர அடையாளங்களைப் படிக்கத் தெரியுமா?

மதுரை - தூத்துக்குடி ரோட்டில் ராத்திரி பைக்ல போயிட்டிருக்கீங்க. முன்னால போன கார் கவிழ்ந்துடுச்சு. பதறிப்போய் 112-க்கு போன் அடிக்கிறீங்க. முதல் கேள்வியே, "எந்த இடத்துல இருக்கீங்க?" மேப்பைத் திறந்தா நெட் இல்லை. சுத்திலும் கருவேலங்காடு. இப்போ என்ன சொல்வீங்க?

டார்ச் அடிச்சு ரோட்டோரத்தைப் பாருங்க. பதில் அங்கேதான் நிற்குது.

நம்பர் சொன்ன பெட்டி

இந்தச் சிக்கல் புதுசு இல்லை. டெலிபோன் வருவதற்கு முன்பே, 1852-ல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தெருக்களில் தீ அலாரம் பெட்டிகளை வைத்தார்கள். உள்ளே இருக்கும் கைப்பிடியை இயக்கினால், தந்திக் கம்பி வழியாக அந்தப் பெட்டியின் நம்பர் தலைமை அலுவலகத்துக்குப் போகும். எந்த நம்பர் எந்தத் தெரு என்று அங்கே தெரியும். பதற்றத்தில் இருப்பவர் வழி சொல்லத் தேவையே இல்லை. கொல்கத்தாவிலும் இப்படிச் சிவப்புப் பெட்டிகள் இருந்தன.

கல்லைப் படிப்பது எப்படி?

நம்ம ஊர் ரோட்டில் 'இது எந்த இடம்' என்று சொல்வது கிலோமீட்டர் கல். அதன் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை; பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. இரண்டு பெரிய கல்லுக்கு நடுவில் 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று எழுதிய சின்னக் கற்கள் இருக்கும்.

எந்த ரோடு, எந்த ஊரை நோக்கிப் போறீங்க, பெரிய கல்லில் என்ன எழுதியிருக்கு, பக்கத்துச் சின்னக் கல்லில் என்ன நம்பர்... இந்த நாலையும் சொன்னாலே ஆம்புலன்ஸ் தடுமாறாமல் வந்து சேரும்.

ஸ்டாப்பிங் பேரும் ஒரு கல்தான்

கல் இல்லாத இடத்தில் பஸ் ஸ்டாப் பேர் கைகொடுக்கும். புளியமரம், டோல்கேட், ரவுண்டானா என்று ஊருக்கு ஊர் ஸ்டாப்பிங் உண்டு. மரத்தை எப்பவோ வெட்டியிருப்பாங்க. ஆனாலும் கண்டக்டர், "புளியமரம்லாம் இறங்கு" என்றுதான் விசில் அடிப்பார்.

நாம பைக்கில் வந்த அதே ரோட்டில் இருக்கும் குறுக்குச்சாலையும் அப்படி ரோட்டை வைத்தே வந்த பேர்தான். அங்கிருந்து ஒட்டப்பிடாரம் பக்கம் திரும்பினால் பாஞ்சாலங்குறிச்சி.

1801 மே மாதம் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இங்கிருந்த கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது. ஊர்ப் பேரே ஆவணங்களில் இருக்கக்கூடாது என்றும் முடிவெடுத்தார்கள். காகிதத்தில் அழிக்கலாம், வழி கேட்கிறவர் வாயிலிருந்து அழிக்க முடியுமா? 1974-ல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை கட்டியது. அதே வருஷம் நெல்லையில் தொடங்கிய அரசு பஸ் கழகத்துக்கு வைத்த பேர், கட்டபொம்மன். 1997-ல் போக்குவரத்துக் கழகங்களின் தலைவர் பேர்கள் எல்லாம் எடுக்கப்பட்டபோது அதுவும் போனது. பாஞ்சாலங்குறிச்சி என்ற ஊர்ப் பேர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

மக்கள் சொல்லிச் சொல்லிப் பேர் பிழைத்துக்கொள்ளும். கல்லுக்கு அந்த வசதி இல்லை. அடுத்த முறை கிலோமீட்டர் கல்லில் போஸ்டர் ஒட்டியிருந்தால், ரெண்டு நிமிஷம் நின்று கிழித்துவிட்டுப் போங்க. அதுக்குப் பின்னால் இருப்பது யாரோ ஒருத்தரின் லொகேஷன்!