1 டாலர் டிக்கெட் இப்போது 200-ஐ தாண்டியது! டிஸ்னிலாண்டு ரசிகர்கள் குமுறல்

1955 ஜூலை 17-ந் தேதி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஆரஞ்சு தோப்பாக இருந்த இடத்தில் டிஸ்னிலாண்டு உல்லாசப் பூங்கா திறக்கப்பட்டது. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் வெறும் ஒரு டாலர்!

உள்ளே சவாரிக்கு சவாரி தனிக் காசு. அதற்கு டிக்கெட் புத்தகம் போட்டார்கள். 1959-ல் வந்த "இ" டிக்கெட், இருப்பதிலேயே ஜோரான சவாரிகளுக்கு. 1982-ல் புத்தகம் ஒழிந்தது. நுழைவு டிக்கெட்டிலேயே சவாரியும் சேர்த்தி ஆனது.

நீலப் பால்

2019 மே 31-ந் தேதி "ஸ்டார் வார்ஸ்" படங்களை வைத்து 14 ஏக்கரில் புதுப் பகுதி திறந்தார்கள். படத்தில் வரும் நீலப் பால் அங்கே நிஜமாகவே கிடைக்கிறது. பசும்பால் அல்ல, தேங்காயும் அரிசியும் சேர்ந்த பால்! பிரமாதம் என்பது ஒரு கட்சி. வாயிலே வைக்க முடியலே என்பது இன்னொரு கட்சி.

வரிசைக்கும் காசு

ஆனால் டிக்கெட் பேச்சு வந்தால் இரண்டு கட்சியும் ஒன்று.

1999 முதல் "பாஸ்ட் பாஸ்" சீட்டு இருந்தது. சீட்டில் உள்ள நேரத்துக்குப் போனால் நீண்ட வரிசையில் நிற்க வேண்டாம். எல்லோருக்கும் இலவசம். 2021 டிசம்பரில் அதற்குப் பதில் வந்த வசதிக்கு 20 டாலர் வைத்தார்கள்.

2024 அக்டோபரில், கூட்டம் நெரியும் நாட்களுக்கு ஒரு நாள் டிக்கெட்டே 206 டாலர் ஆனது. அந்த விலையில் பெரியவர்கள் 4 பேர் போனால் வாசலிலேயே 824 டாலர் காலி!

காசு இருக்கிறவன் பக்கத்து வழியில் விர்ரென்று போகிறான். இல்லாதவன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கிறான். ரசிகர்களின் வயிற்றெரிச்சல் இதுதான்.