சாக்பீஸ் மட்டும் போதாது

கணித ஆய்வுக்குக் கரும்பலகையே போதும் என்ற எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அன்றைய சித்தூர் மாவட்டத்துத் திருப்பதியில் 1954-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில், திரவ ஓட்டச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டுபவர்களுக்குக் கம்ப்யூட்டரே கதி.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000-ல் 'ஃபிஸ்ட்' திட்டத்தைக் கொண்டுவந்தது. பணம் தனி ஆளுக்கல்ல, துறைக்கு, ஐந்தாண்டுகளுக்கு. ஒரே கருவியைப் பலரும் பகிர்ந்துகொள்ளலாம். 2015-ல் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் இயக்கத்துக்கு ரூ. 4,500 கோடி அறிவிக்கப்பட்டது. அதன்படி 2022-ல் திருச்சி என்.ஐ.டி.க்கு 'பரம் பொருள்' வந்தது.

வாங்குவது எளிது. மானியக் காலம் முடிந்த பிறகு ஏ.சி., மின்கட்டணம், பழுது, பராமரிக்கும் ஆள் எல்லாம் யார் தலையில்? பிரம்மோற்சவத்துக்குப் பந்தல் போட்டால் போதாது. நித்திய பூஜைக்கும் வழி வேண்டும்.