654 மீட்டர் மலையும் பத்து நாள் கழித்து வரும் காய்ச்சலும்

ஜொகூரில் உள்ள குனோங் பூலாயின் உயரம் 654 மீட்டர். சபாவில் 4,095 மீட்டர் கினபாலுவை ஏறி வந்தவர்கள் இதை மலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஜொகூர் பாருவிலிருந்து காரில் வந்தால் அதிக தூரமில்லை. அடிவாரத்தில் பெக்கான் நானாஸ் அருவி, இறங்கி வந்தால் சாலையோரக் கடைகளில் அன்னாசி. அதனால் பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்கள், மருத்துவர் நடக்கச் சொன்னார் என்று வருகிற ஐம்பது வயதுக்காரர்கள், சிங்கப்பூரிலிருந்து கூட்டமாக வருகிறவர்கள் என்று வார இறுதியில் ஆட்களுக்குக் குறைவிருக்காது.

நடப்பது நல்லதுதான். ஆனால் இந்தப் பக்கத்து மலைகளில் ஆளைச் சாய்ப்பது தண்ணீர். மேலிருந்து கொட்டும் தண்ணீர், ஓடையில் வரும் தண்ணீர், வியர்வையாக உடம்பை விட்டுப் போகும் தண்ணீர், சேற்றில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர். முதல் மூன்றைப் பற்றி எல்லாரும் ஏதாவது சொல்வார்கள். நான்காவதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

2001 டிசம்பரில் பூலாய் சரிவில்

பூமத்திய ரேகையை ஒட்டிச் சூறாவளி உருவாகாது என்று பள்ளியில் படித்திருப்போம். பூமி சுழல்வதால் காற்றைத் திருப்பும் விசை அங்கே மிகக் குறைவு. அந்தப் பாடத்தை மீறி, 2001 டிசம்பர் 26ஆம் தேதி தென் சீனக் கடலில், பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில், வாமெய் என்ற புயல் உருவானது. மறுநாள் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. அது கொட்டிய மழையில் குனோங் பூலாய் சரிவு ஊறிப்போனது. மண்ணும் பாறையும் மரங்களும் ஒன்றாகச் சேர்ந்து ஓடை வழியே இறங்கி வீடுகளை அழித்தன. ஐந்து பேர் இறந்தார்கள். மலையின் பொழுதுபோக்குக் காடு பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது.

வாமெய் போன்ற புயல் நூறாண்டுக்கு ஒருமுறை வந்தாலே அதிகம் என்பது வானிலையாளர்களின் கணிப்பு. ஆகவே ஒவ்வொரு தூறலுக்கும் நடுங்க வேண்டியதில்லை. ஆனால் மலையின் அமைப்பு மாறிவிடவில்லை. சரிவு செங்குத்து, ஓடைகள் குறுகலானவை, உச்சியில் பெய்த மழை சிறிது நேரத்தில் கீழே வந்துவிடும். 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி கெடாவில் குனோங் ஜெராய் இதே விதமாக இறக்கிவிட்ட வெள்ளத்தில் உயிர்ச்சேதம் ஏற்பட்டதை மலேசியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் புயல் எதுவும் தேவைப்படவில்லை.

விடியலில் வரும் சுமத்ரா மழை

"விடியற்காலையில் ஏறு, மதியத்துக்குள் இறங்கு" என்பார்கள். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபர் வாக்கில் இது சரியான யோசனை. அப்போது காலை பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் இடி இடிக்கும். ஆனால் பெக்கான் நானாஸ் இருக்கும் பொந்தியான் வட்டாரத்துக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ரா. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசைகட்டி நீரிணையைக் கடந்து, விடியலுக்கும் நண்பகலுக்கும் நடுவே மேற்குக் கரையில் வந்து மோதும். ஐந்து மணிக்கு வானில் நட்சத்திரம் தெரிந்ததே என்று ஏறியவர் ஏழு மணிக்குச் சூறைக்காற்றில் மாட்டிக்கொள்வார். கிளம்பும் முன் வானிலைத் துறையின் ராடார் படத்தில் நீரிணையை ஒருமுறை பார்ப்பது, மேகத்தை அண்ணாந்து பார்ப்பதைவிடப் பயன்படும். நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவமழை வேறு ரகம். நாள்கணக்கில் நின்று பெய்யும். அந்த வாரங்களில் மலையைத் தள்ளிப்போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

மின்னல் தெரிந்து முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் ஆபத்து எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. பூலாய் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அங்கே நின்று படம் எடுப்பதை விட்டு உடனே கீழே வர வேண்டும். தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடி ஆகாது. குழுவாக இருந்தால் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகு நடையைத் தொடரலாம். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்பது வெறும் பயம். பாயாது. மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கவேண்டும்.

வியர்வை காயாத காடு

வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். மழைக்காட்டின் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் சட்டை நனையுமே தவிர உடம்பின் சூடு இறங்காது. நிழல்தானே என்று நினைத்து நடப்பவர்களுக்குத் தலைவலி, குமட்டல், கால் தசைப்பிடிப்பு வருவது இதனால்தான். உட்காரவைத்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, தண்ணீர் கொடுத்து விசிறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேச்சு உளறலாகிறது, நடை தள்ளாடுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை என்றால் அது வெப்பத் தாக்கு. உடலின் உட்சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கக்கூடும். வெப்பமானியைத் தேடாமல், கிடைக்கும் தண்ணீரையெல்லாம் தலை, கழுத்து, மார்பு, தொடை என்று ஊற்றி விசிறுங்கள். குளிர்விப்பது முதல் வேலை, தூக்கிக்கொண்டு ஓடுவது அடுத்தது. மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

எவ்வளவு குடிப்பது? தாகத்துக்குக் குடித்தால் போதும். மணிக்கு அரை லிட்டர் என்பது பலருக்குப் பொருந்தும். ஒரே மூச்சில் லிட்டர் கணக்காக வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதனாலேயே தலைசுற்றலும் வலிப்பும் வரலாம். நீண்ட நடைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றிரண்டு பையில் இருக்கட்டும். பலரும் தூக்கிக்கொண்டு வரும் ஹண்ட்ரட் பிளஸ் பானத்தில் சர்க்கரை இருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன கையோடு குளிரையும் சொல்லவேண்டியிருக்கிறது. உயரம் கூடும் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் சூடு அரைப் பாகைக்கு மேல் குறையும். பூலாய் உச்சி அடிவாரத்தைவிட நான்கு பாகை வரை குளிரும். வியர்வையில் ஊறிய பருத்திச் சட்டை, அதன்மேல் மழை, மழையோடு காற்று, இவை சேர்ந்தால் வெப்ப நாட்டிலும் பல் கிட்டும். நடுக்கம் நிற்காதவரின் ஈரத்துணியை மாற்றி, பிளாஸ்டிக் மழைச்சட்டையால் சுற்றுங்கள். மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போவதற்குச் சோம்பல் கூடாது.

ஓடை நிறம் மாறும்போது

மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்லும் திடீர் வெள்ளம், குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். மழை மேலே பெய்திருக்கும். தெளிந்த ஓடை சட்டென்று கலங்கும். இலை தழை, குச்சி மிதந்து வரும். இரைச்சல் கூடும், அல்லது நீர்மட்டம் காரணமில்லாமல் இறங்கிப் பிறகு ஏறும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையில் மேடான பக்கமாக ஏற வேண்டியதுதான். செருப்பு, சட்டி, கைப்பேசி எதையும் எடுக்கத் திரும்பக்கூடாது. இறங்கும் வழியில் ஓடை முழங்காலுக்கு மேல் ஓடினால் கடக்காதீர்கள். இந்த மாதிரிச் சிறு ஓடைகள் ஏறிய வேகத்திலேயே வடியக்கூடியவை. சில மணி நேரம் காத்திருப்பது வீட்டுக்குத் தாமதம், அவ்வளவுதான். கிளம்பும் முன்பே செய்யவேண்டியது ஒன்றும் உண்டு: வன ஒதுக்கீட்டுக் காடுகளுக்கு வனத்துறை அனுமதி தேவை. அதைச் சிலர் வெறும் சம்பிரதாயம் என்கிறார்கள். ஆள் காணாமல் போனால் எந்தப் பக்கம் தேடுவது என்று போம்பா எனும் தீயணைப்பு மீட்பு வீரர்களுக்குச் சொல்லக்கூடிய காகிதம் அதுதான்.

சேறும் இனிப்பு நீரும்

பகாங்கின் லூபோக் யூ பொழுதுபோக்குக் காட்டில் 2010இல் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணியில் 153 பேர் இறங்கினார்கள். அடுத்த நாட்களில் அவர்களில் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். பரிசோதனையில் வெளிப்பட்டவை இரண்டு கிருமிகள். ஒன்று எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா. மற்றொன்று மெலியோய்டோசிஸ் நோயின் கிருமி.

எலிக்காய்ச்சலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். எலியும் பிற விலங்குகளும் கழிக்கும் சிறுநீரிலிருந்து நீரிலும் சேற்றிலும் கலந்து, தோலின் சிறு கீறல், கண், வாய் வழியே உள்ளே நுழையும். மெலியோய்டோசிஸ் அவ்வளவு பேசப்படாத நோய். ரங்கூனில் பிணப் பரிசோதனைகளில் இதைக் கண்டுபிடித்து 1912இல் எழுதியவர்கள் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும். அடுத்த ஆண்டுகளிலேயே கோலாலம்பூரின் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் இது ஆராயப்பட்டது. நூறாண்டுக்கு மேல் ஆகியும் நம்மில் பலருக்குப் பெயர்கூடத் தெரியாது. இந்தக் கிருமி மண்ணிலேயே குடியிருப்பது. கனமழை பெய்தால் மேலே வரும். காயத்தின் வழியாகவும் நுழையும், மழைக்காற்றோடு மூச்சிலும் புகும்.

நல்ல உடம்புக்காரரை இது பெரும்பாலும் விட்டுவிடும். இதற்கு வழிவிடும் காரணங்களில் முதலிடம் இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. சர்க்கரையைக் குறைக்க நடக்கச் சொல்லி மருத்துவர் அனுப்புகிறார், நாம் காலில் காயத்தோடு சேற்றில் இறங்குகிறோம். இதற்காக மலையை விட்டுவிட வேண்டாம். நாளைத் தேர்ந்தெடுத்தால் போதும். கனமழை பெய்த மறுநாள் வேண்டாம், காலில் புண் ஆறாதபோதும் வேண்டாம். வெறுங்காலில் ஓடையைக் கடக்காதீர்கள். இனிப்பு நீரால் உணர்ச்சி மங்கிய பாதத்தில் முள் ஏறியதுகூடத் தெரியாது. ஆகவே வீடு வந்ததும் சுத்தமான தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை வெளிச்சத்தில் பாருங்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்கு ஏற்றத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். குளுக்கோஸ் மாத்திரை பையின் அடியில் கிடந்தால் பயனில்லை, சட்டைப் பையில் இருக்கவேண்டும். சிறுநீரைப் பெருக்கும் இரத்தக் கொதிப்பு மாத்திரையும், சில புதிய சர்க்கரை மாத்திரைகளும் நீரிழப்பைக் கூட்டும். நடை நாளில் அவற்றை என்ன செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். தானாக நிறுத்துவது இன்னொரு வம்பு.

காலணி, அட்டை

நானூறு ரிங்கிட் காலணி கட்டாயமில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் போட்ட கறுப்பு ரப்பர் காலணியை, அடிடாஸ் கம்போங் என்ற செல்லப் பெயரில் மலையேறிகள் இன்றும் விரும்பி வாங்குகிறார்கள். அடியில் உள்ள குமிழ்கள் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், கழுவினால் சீக்கிரம் காயும். நீளக் காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டால் அட்டைக்கும் பாதித் தடை. அட்டை கடித்தால் நகத்தால் மெல்ல நெம்பி எடுங்கள். உப்பும் நெருப்பும் வைத்தால் அது வயிற்றில் இருப்பதைக் காயத்திலேயே கக்கும் என்பார்கள். அட்டையின் எச்சில் இரத்தம் உறைவதைத் தடுப்பதால் சிறிது நேரம் வழியும், பயப்பட ஒன்றுமில்லை.

தீவில் நடப்பவர்களுக்கு

இதே ஆட்கள்தான் பள்ளி விடுமுறையில் மெர்சிங்கில் படகேறித் தியோமானுக்குப் போகிறார்கள். தெக்கெக்கிலிருந்து ஜுவாராவுக்குத் தீவின் குறுக்கே காட்டுப்பாதை உண்டு. தீவின் குனோங் காஜாங் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். மழை, ஓடை, சேறு எல்லாம் இங்கே சொன்னபடிதான். வித்தியாசம் கடல். அலை எழுந்தால் படகு ஓடாது, பெரிய மருத்துவமனை நீருக்கு அந்தப் பக்கம் இருக்கும். வழக்கமான மாத்திரைகளைக் கூடுதலாகச் சில நாட்களுக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

உடல்வலி இரண்டு நாளில் போய்விடும். அதன்பின் கவனிக்கவேண்டியது காய்ச்சல். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் தலைகாட்டும், ஒரு மாதம் கழித்தும் வரலாம். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவு என்று போகும். மெலியோய்டோசிஸ் சளிக்காய்ச்சல் போலவோ ஆறாத கட்டியாகவோ வரும். வழக்கமான சில நோய்க்கொல்லிகளுக்கு அது அடங்காது. மருத்துவமனையில் நாள்கணக்கில் ஊசியும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரையும் வேண்டியிருக்கும்.

குரங்குகள் உள்ள காடு என்பதால் மூன்றாவது ஒன்றும் உண்டு. நோலெசி என்ற குரங்கு மலேரியா மனிதருக்குப் பரவலாக வருவதைச் சரவாக்கின் காப்பிட்டில் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டவர்கள் பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவரது குழுவினரும். இதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் நோய் வேகமாக முற்றும். இந்த மலேரியாக் கொசு அந்தி சாய்ந்த பிறகு கடிப்பது. இருட்டும் வரை காட்டில் தங்கினால் நீளக்கை சட்டையும் கொசு மருந்தும் அவசியம்.

இவை எல்லாமே முதல் நாளில் டெங்கி போலத்தான் இருக்கும். மருத்துவரும் டெங்கிப் பரிசோதனை எடுத்து, இல்லை என்று வந்தால் பாரசிட்டமோல் கொடுத்து அனுப்பிவிடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. நீங்கள் எந்த நாளில், எந்த மலையில், எந்த ஓடையில் இறங்கினீர்கள் என்று சொல்லாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? பெக்கான் நானாஸ் அரசு கிளினிக்காக இருந்தாலும் கோலாலம்பூர் தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். டெங்கி இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், இபுபுரோஃபன் வேண்டாம்.

கூட வந்தவர்களுக்கும் சொல்லுங்கள். 2000ஆம் ஆண்டு சபாவில் ஈக்கோ சேலஞ்ச் சாகசப் பந்தயத்தில் 26 நாடுகளின் 304 பேர் காட்டிலும் செகாமா ஆற்றிலும் ஓடி நீந்திவிட்டு ஊர் திரும்பினார்கள். பிறகு வெவ்வேறு நாடுகளில் ஒரே மாதிரிக் காய்ச்சல் வந்த செய்திகள் சேர்ந்தபோதுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. விசாரிக்கக் கிடைத்த 189 பேரில் 80 பேருக்கு நோய் இருந்தது. 29 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யாரும் இறக்கவில்லை. முன்கூட்டியே டாக்சிசைக்ளின் மாத்திரை எடுத்தவர்களிடம் நோய் குறைவாக இருந்தது. அது எல்லாருக்கும் ஏற்ற மருந்தல்ல. கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை, மருத்துவர் சொல்லாமல் வாங்கக்கூடாது. ஆனால் மலைக்கு நாள் குறித்த வாட்ஸ்அப் குழுவை அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குக் கலைக்காமல் வைத்திருந்து, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்களுக்கும் அன்றே தெரிவிப்பதற்கு மருந்துச் சீட்டு எதுவும் தேவையில்லை.