ஒரே வார்ப்பா, பல சரக்கா?

கோல்ஃப் பையில் அழகுக்கும் ஆட்டத்துக்கும் இடையே ஒரு பழைய வழக்கு

பையைப் பார்த்தே ஆளை எடைபோடும் பழக்கம் கோல்ஃப் மைதானங்களில் உண்டு. ஒரே நிறுவனத்தின் முத்திரையோடு பளபளக்கும் மட்டைகள் என்றால் கிளப் உறுப்பினர். ஒன்றுக்கொன்று ஒட்டாத மட்டைகள் என்றால், பெரும்பாலும் பிறர் கழித்தவற்றைக் கொண்டு ஆடக் கற்கும் 'கேடி', அதாவது உறுப்பினரின் பையைச் சுமப்பவர். ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829லேயே தொடங்கிய நாட்டில் இந்தக் கோடு எளிதில் அழியவில்லை.

ஆனால் திறமை கோட்டைத் தாண்டியது. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991ல் இந்திய ஓபனை வென்றார். இந்தியத் தொழில்முறை வீரர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை.

முழு செட்டுக்கும் நியாயம் இருக்கிறது. வரிசையில் ஒவ்வொரு இரும்பு மட்டையும் முந்தையதைவிடச் சுமார் அரை அங்குலம் குட்டை. முகத்தின் சாய்வு ஏறத்தாழ 4 பாகை அதிகம். எனவே ஒரே வீச்சில், பந்து போகும் தூரம் படிப்படியாகக் குறைகிறது. மரத்தண்டு போய் எஃகுத்தண்டு வந்தபின் இப்படி ஒரே சீராகத் தயாரிப்பது எளிதானது, பைகளும் வீங்கின. 1938ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 14 மட்டைகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. எல்லாம் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும் என்று மட்டும் எந்த விதியும் இல்லை.

அந்தச் சுதந்திரத்தை இன்று உச்சத்தில் இருப்பவர்களே பயன்படுத்துகிறார்கள். நைக்கி நிறுவனம் 2016ல் மட்டைத் தொழிலைக் கைவிட்டதும் அதன் வீரர்கள் விருப்பம்போல் பொறுக்கிக்கொண்டனர். அவர்களில் ஒருவரான புரூக்ஸ் கெப்கா, 2018 அமெரிக்க ஓபனை வென்றபோது தூர அடிக்கு டெய்லர்மேட் மட்டை, இரும்பு மட்டைகளில் பெரும்பாலானவை மிசுனோ. கேடியின் பையில் ஏழ்மையாகத் தெரிந்தது, சாம்பியனின் பையில் தேர்வாகிவிட்டது.

எனினும் கலப்பு என்றால் கண்டதையும் திணிப்பதல்ல. இரண்டு மட்டைகள் ஒரே தூரம் அடித்தால் ஒன்று வீண் சுமை. தண்டின் எடையும் விறைப்பும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் வீச்சு தடுமாறும். எந்த மட்டை எவ்வளவு தூரம் போடுகிறது என்று அடித்துப் பார்த்து அளந்தவருக்கே கலப்பு கைகொடுக்கும். அளக்கப் பொறுமையில்லாத புதியவருக்கு முழு செட்தான் பத்திரம். பழகியவர், கைக்கு அடங்காத நீள இரும்புகளை மட்டும் கழற்றிவிட்டு 'ஹைபிரிட்' மட்டைகளைச் சேர்த்தாலே போதும்.

கழித்த மட்டையின் குணத்தை அடித்து அடித்தே தெரிந்துகொண்ட கேடிகளுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. முத்திரையைப் படிப்பவர்கள் மனிதர்கள்தான், பந்து அல்ல.