'பிரேக் பிடிக்கல': பழைய லாரியில் கோளாறு பிரேக்கிலா, இன்ஜினிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

2022 நவம்பர் 20 இரவு. சாத்தாரா பக்கமிருந்து மும்பை நோக்கி வந்த லாரி ஒன்று, புனேவின் நவலே பாலம் அருகே இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து பல வாகனங்களை இடித்துத் தள்ளியது. முதலில் எல்லோரும் சொன்னது 'பிரேக் ஃபெயிலியர்'. லாரியைச் சோதித்த அதிகாரிகளோ பிரேக் பழுதாகவில்லை என்றார்கள். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வண்டியை உருட்டியதுதான் காரணம் என்றார்கள்.

இன்ஜினை அணைத்தால் பிரேக் எப்படிப் போகும்?

ஏர் பிரேக் லாரியில் வண்டியை நிறுத்துவது உங்கள் கால் பலமல்ல, டேங்கில் இருக்கும் காற்று. அதை நிரப்புவது கம்ப்ரசர். கம்ப்ரசரைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் நின்றுவிட்டால், பெடலை மிதிக்க மிதிக்கக் காற்று குறையும், திரும்ப ஏறாது. நியூட்ரலில் கியரின் பிடிமானமும் இல்லை. மொத்தச் சுமையும் லைனிங் மேல் விழும், சூடேறிய லைனிங் வழுக்கும். இத்தனைக்கும் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் ஏறக்குறைய நின்றுவிடும். மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

தாராவியிலோ செம்பூரிலோ இருந்துகொண்டு ஒரே ஒரு பழைய லாரியை ஓட்டிப் பிழைப்பவரா நீங்கள்? 8 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் எஃப்.சி. நடுவில் இருக்கும் மாதங்களில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வடாலா டிரக் டெர்மினலில் லோடுக்காகக் காத்திருக்கும் நேரமே இதற்குப் போதும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். காற்று முழுசாக ஏறியதும் இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அமெரிக்காவில் லாரி லைசென்ஸ் தேர்விலேயே இந்தச் சோதனை உண்டு. டிரெய்லர் இல்லாத லாரிக்கு நிமிடத்துக்குச் சுமார் 0.2 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. முள் அதைவிட வேகமாக இறங்கினால் எங்கோ லீக். 'உஸ்ஸ்' சத்தம் எங்கே வருகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். லீக் இல்லை, ஆனால் காற்று ஏறத்தான் முன்னைவிட ரொம்ப நேரம் ஆகிறது என்றால், முதலில் கம்ப்ரசரைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து ஏர் டேங்க்கின் வடிகால் வால்வைத் திறங்கள். தண்ணீர் கொஞ்சம் வருவது சகஜம், அதுவும் மும்பை மழைக்காலத்தில். கறுப்பாக ஆயில் வந்தால் கம்ப்ரசர் ரிங் தேய்ந்திருக்கலாம். இதை லேசாக விடாதீர்கள்; அந்த ஆயில் பிரேக் வால்வுகளின் ரப்பரைக் கெடுத்துவிடும்.

வண்டி இழுக்கல, என்ன காரணம்?

இங்கே கதை தலைகீழ். இழுவை குறைந்தால் பலரும் உடனே டீசல் பம்பைப் பிரிக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன், ஓடி வந்து நின்றதும் ஒவ்வொரு டிரம் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், வெந்துவிடும். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் மேல் குற்றமில்லை. ஒன்று மட்டும் ஆறிப்போயிருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக்கே வேலை செய்யவில்லை. பெரும்பாலும் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரிபார்த்தால் தெரிந்துவிடும்.

டிரம் எல்லாம் ஒரே சூடு, இழுவை மட்டும் இல்லையா? புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள், இன்ஜெக்டர் பிறகு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். பிஸ்டன் ரிங் செலவு காத்திருக்கிறது.

பட்டறையில் 'பிரேக் சரியில்ல' என்று மட்டும் சொன்னால் லைனிங்கை மாற்றி பில் போட்டுவிடுவார்கள். காற்று ஏற எத்தனை நிமிடம், டேங்கில் என்ன வந்தது, எந்த டிரம் சூடு என்று சொல்லுங்கள். காற்று எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிந்திருந்தாலும், அதைச் சரிசெய்யாமல் கண்டாலா இறக்கத்தில் வண்டியை விடாதீர்கள்.