நின்று நின்று ஓடும் பழைய கார்

பாலசமுத்திரம் ஆந்திரப் பிரதேசத்தில், சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லை பக்கத்திலேயே உள்ளது. இந்தப் பகுதியில் தெலுங்கும் பேசுவார்கள், தமிழும் பேசுவார்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி, கோயில் என்று போக ஒரு காலத்தில் வாடகைக் கார் என்றால் அம்பாசிடர்தான்.

அம்பாசிடர் காரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தில் உத்தரபாராவில் செய்தது. 1958-இல் இந்தக் கார் வந்தது. 2014-இல் இதன் தயாரிப்பு நின்றது. ஆனாலும் பழைய வண்டிகளை விடாமல் வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

பழைய காரில் ஒரு தொல்லை உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடும். திரும்பி வரும் வழியில் மறுபடியும் நிற்கும்.

வாடகைக்கு ஓட்டுபவருக்கு இது பிழைப்புப் பிரச்சினை. பாதி வழியில் நின்றால் அன்றைய வருமானம் போகும். ஏறியவர்கள் மறுமுறை கூப்பிட மாட்டார்கள். சாலை வளைவில் நின்றால் உயிருக்கே ஆபத்து.

இந்த நேரத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் பாட்டரியை மாற்று என்பார். இன்னொருவர் காயிலை மாற்று என்பார். இரண்டையும் மாற்றினாலும் கார் நிற்கும். காரணம், பழுது எங்கே என்று யாரும் தேடவில்லை.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? உடனே புது மோட்டார் வாங்குவாரா? கிணற்றிலிருந்து வாய்க்காலோடு நடந்து போவார். எங்கே உடைந்தது, எங்கே அடைத்தது என்று பார்ப்பார். காரிலும் இப்படித்தான் தேட வேண்டும்.

பெட்ரோலா, மின்சாரமா?

கார் எப்படி நின்றது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். திக்கித் திணறி, இழுவை குறைந்து நின்றால், பெரும்பாலும் பெட்ரோல் சரியாக வரவில்லை. சாவியை அணைத்தது போல் சட்டென்று நின்றால், பெரும்பாலும் மின்சாரத்தில் கோளாறு.

இங்கே சொல்வது பெட்ரோல் காருக்கு மட்டும். டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது.

மின்சாரம் போகும் பாதை

பாட்டரியில் இருப்பது 12 வோல்ட். அது சாவி சுவிட்ச் வழியாகக் காயிலுக்குப் போகிறது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிறது. பல பட்டறைகளில் இதை ‘டெல்கோ’ என்பார்கள். டெல்கோ என்பது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர். 1910-இல் காடிலாக் கார்களுக்கு இந்த முறையைச் செய்து கொடுத்த கம்பெனி அது.

டெல்கோவுக்குள் ‘பாயிண்ட்’ என்ற சின்ன சுவிட்ச் இருக்கிறது. அது மூடித் திறக்கிறது. திறக்கும் ஒவ்வொரு முறையும் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டாகிறது. அது பிளக்கில் தீப்பொறியாகப் பாய்கிறது. பெட்ரோல் எரிகிறது. இன்ஜின் ஓடுகிறது.

4 சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 தீப்பொறி வேண்டும். வழியில் ஓர் இணைப்பு லேசாக விட்டாலும் இன்ஜின் துள்ளும், அல்லது நின்றுவிடும்.

முதலில் இணைப்புகள்

பாட்டரி முனைகளைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. ஒயரைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு இறுக்கி மாட்டி, வாசலின் தடவ வேண்டும்.

அடுத்தது எர்த் ஒயர். மின்சாரம் போனால் மட்டும் போதாது. பாட்டரிக்குத் திரும்பியும் வர வேண்டும். காரின் இரும்பு உடம்புதான் திரும்பி வரும் வழி. ஆனால் இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் இன்ஜினையும் உடம்பையும் ஒரு தனி ஒயர் இணைக்கிறது. அது துருப்பிடித்தாலும் தளர்ந்தாலும் தொல்லைதான்.

நல்ல பாட்டரி, கார் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்.

ஒரு பல்பு சொல்லும் சாட்சி

நின்று நின்று ஓடும் காருக்கு 12 வோல்ட் சின்ன பல்பு ஒன்று போதும். பல்பில் இரண்டு நீள ஒயர்களை இணைக்க வேண்டும். ஒன்றைக் காயிலுக்கு மின்சாரம் வரும் முனையில் மாட்ட வேண்டும். மற்றதைக் காரின் உடம்பில் மாட்ட வேண்டும். ஒயர் சூடான இடத்திலும் ஃபேனிலும் படக் கூடாது. பல்பைக் காருக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும். பிறகு வண்டியை ஓட்ட வேண்டும். பல்பை ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்தவர் பார்க்க வேண்டும்.

வண்டி நிற்கும்போது பல்பும் அணைந்தால், பழுது காயிலுக்கு முன்னால் இருக்கிறது. பாட்டரி முனை, சாவி சுவிட்ச், இடையில் உள்ள ஒயர்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பல்பு எரியும்போதே வண்டி நின்றால், அதுவரை மின்சாரம் வருகிறது. பழுது காயிலிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. மின்சாரக் கோளாறு இல்லாவிட்டால் பெட்ரோலைப் பார்க்க வேண்டும். தேட வேண்டிய இடம் இப்போது பாதியாகக் குறைந்துவிட்டது.

டெல்கோவுக்குள்

மூடியைத் திறந்தால் பாயிண்ட் தெரியும். அது கருகியிருக்கலாம், தேய்ந்திருக்கலாம். பழைய அம்பாசிடரில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

பலர் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் லேசாக நகரும். அதோடு சேர்ந்து உள்ளே இருக்கும் மெல்லிய ஒயர்களும் ஆடும். பல ஆண்டுகள் ஆடி ஆடி, மேல் உறை நன்றாக இருக்க, உள்ளே கம்பி அறுந்துபோகும். தட்டு ஒரு பக்கம் இருந்தால் தொடும், மறுபக்கம் போனால் விடும். கார் நிற்பதும் ஓடுவதும் இதனால்தான். எவ்வளவு விலை கொடுத்துப் புதுக் காயில் போட்டாலும் இது தீராது. இந்தச் சின்ன ஒயரை மாற்றினால் தீரும்.

சூட்டிலும் மழையிலும்

சூடானதும் நின்று, ஆறினதும் ஓடினால், காயில் அல்லது கண்டன்சர் மீது சந்தேகப்படலாம். ஆனால் கோடை வெயிலில் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்தாலும் இப்படியே நடக்கும். எனவே நின்ற உடனே தீப்பொறி வருகிறதா என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்க்க வேண்டும். தீப்பொறி நன்றாக இருந்தால் காயிலை மாற்ற வேண்டாம்.

மழையில் மட்டும் நின்றால், டெல்கோ மூடியிலும் பிளக் ஒயரிலும் ஈரம் இருக்கும். உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். மூடியில் கீறல் இருந்தால் மாற்ற வேண்டும்.

எச்சரிக்கை

வழியில் நின்றால் முதலில் காரைச் சாலை ஓரம் தள்ள வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். பாட்டரியிலிருந்து எரியும் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பாட்டரியைக் கழற்றும்போது எர்த் ஒயரை முதலில் எடுக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயரைத் தொடக் கூடாது. கடுமையாக ஷாக் அடிக்கும். துண்டு, சேலை நுனி ஃபேனில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டியவை

• கார் எப்போது, எப்படி நிற்கிறது என்று குறித்துவைத்து மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும்.
• பாட்டரியில் தொடங்கி, மின்சாரம் போகும் வழியோடு வரிசையாகத் தேட வேண்டும்.
• ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, ஓட்டிப் பார்க்க வேண்டும்.
• பழுது தெரிந்த பிறகே புதுப் பொருள் வாங்க வேண்டும்.