மாத்திரைக்கு அடங்காத குருதியமுக்கம்

காலைப் படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்திறங்குவோரில், கிளினிக் கொப்பியும் மருந்துப் பையுமாக நிற்கும் முதியவர்களைக் காணலாம். நயினாதீவிலோ நெடுந்தீவிலோ இருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போவதென்றால் கடலைக் கடந்து, பின் வேலணை, பண்ணைத் தாம்போதிகளையும் கடக்க வேண்டும். இத்தனை சிரமப்பட்டு மருந்தெடுத்தும் சிலருக்குப் பிறசர் இறங்குவதில்லை. "மருந்தை ஒழுங்காகப் போடுவதில்லைப் போலும்" என்று நாமும் குறை சொல்லிவிடுகிறோம். சில வேளைகளில் குற்றம் அவர்களுடையதன்று. உடலில் சுரக்கும் ஓமோன் ஒன்றினுடையது.

உப்பைப் பிடித்து வைக்கும் ஓமோன்

நமது இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் அதிரீனல் சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் அல்டொஸ்தரோன், சிறுநீரோடு போகவேண்டிய உப்பை உடலிலே மறித்து வைக்கிறது; பொற்றாசியத்தை வெளியேற்றுகிறது. உப்பு நிற்க நீரும் நிற்கும், குருதியமுக்கம் ஏறும். இந்த ஓமோன் அளவுக்கு மிஞ்சினால் நாடிகளின் சுவரும் தடித்து விறைக்கும். புதிய இறப்பர்க் குழாய் நீரின் வேகத்துக்கு இசைந்து கொடுக்கும். வெயிலில் காய்ந்து இறுகிய குழாய் கொடுக்காது. நாடி விறைத்தால் அமுக்கத்தின் மேல் எண் உயரும். இருதயம், மூளை, சிறுநீரகம் மூன்றும் தாக்கப்படும்.

1954 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வைத்தியர் ஜெரோம் கொன், தசைப்பிடிப்பும் பலவீனமும் உயர் அமுக்கமும் கொண்ட 34 வயதுப் பெண்ணொருவரை ஆராய்ந்தார். அதிரீனல் சுரப்பியிலிருந்த கட்டி அகற்றப்பட்டதும் அவர் குணமடைந்தார். அரிய நோய் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் உயர் குருதியமுக்கமுள்ள 100 பேரில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்கு இது இருக்கலாம் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

யார் கவனிக்க வேண்டும்?

மூன்று வகை மருந்து எடுத்தும் அமுக்கம் இறங்காதவர்கள், இளவயதிலேயே உயர் அமுக்கம் வந்தவர்கள், பொற்றாசியம் குறைந்தவர்கள் ஆகியோர் அல்டொஸ்தரோன், ரெனின் அளவைக் காணும் குருதிப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேட்கவேண்டும். ஒரு சுரப்பியில் மட்டும் கோளாறெனில் சத்திரசிகிச்சை உதவலாம்; இரண்டிலும் எனில் ஸ்பைரனோலக்ரோன் போன்ற மாத்திரை உண்டு.

திடீர் திடீரெனத் தலையிடி, வியர்வை, நெஞ்சுப் படபடப்பு வருவதும், முகம் உருண்டு வயிறு பருத்துக் கைகால் மெலிவதும் வேறு ஓமோன் கோளாறுகளின் அடையாளமாகலாம். தைரொயிட் கோளாறும் அமுக்கத்தைக் கூட்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

- ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கட்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பும் இதில் அடங்கும்.
- தீவுகளில் பல கிணறுகள் உவரானவை. குடிக்கவும் சமைக்கவும் சேகரித்த மழைநீரையோ நன்னீரையோ பயன்படுத்துவோம்.
- அதிமதுரத்தை நாட்கணக்கில் உட்கொண்டால் அல்டொஸ்தரோன் மிகுந்தாற்போன்ற விளைவு ஏற்படும். நோ மாத்திரைகளும் ஸ்ரீரொயிட் மாத்திரைகளும் அமுக்கத்தைக் கூட்டலாம். எடுப்பவற்றையெல்லாம் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஸ்ரீரொயிட்டைத் தாமாக நிறுத்தவேண்டாம்.
- ஸ்பைரனோலக்ரோன் எடுப்போரும் சிறுநீரக நோயாளரும் இளநீர், பொற்றாசியம் சேர்ந்த உப்பு ஆகியவற்றை வைத்தியரைக் கேட்டே பாவிக்கவேண்டும்.
- கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. ஆகவே கையிருப்பு மருந்து முடியுமுன்பே கிளினிக்குக்குப் புறப்படுங்கள்.

உயர் அமுக்கம் பெரும்பாலும் நோவு காட்டாது. ஆகவே பங்கிலும் மாதர் சங்கத்திலும் கூடும்போது ஒருவரையொருவர் விசாரிப்போம். மாத்திரைக்கு அடங்காத அமுக்கமுள்ள அயலவரைக் குறை சொல்லாமல், "காரணத்தைத் தேடிப் பார்த்தார்களா?" என்று கேட்போம். தனியே படகேற முடியாத முதியவருக்கு ஒருநாள் துணையாகப் போவதும் இறைபணியே.